திருவதிகைச் சூலையும் பதினெட்டுப் புள்ளிகளும்
கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்த மருள்நீக்கியாரைச் சூலை பற்றியது. மந்திரமும் மயிற்பீலியும் பலிக்கவில்லை என்கிறது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம். திருவதிகைக்கு ஓடினார், தமக்கை திலகவதியார் திருநீறு தந்தார். பின்னாளில் அப்பர் எனப்பட்ட அவர் பாடிய முதல் பதிகமே வலியின் முறையீடுதான்.

அது வயிற்றுவலி, ஃபைப்ரோமயால்ஜியா அல்ல. ஆனால், காயம் தெரியாத வலியை அடுத்தவருக்குப் புரியவைக்கும் பாடு ஒன்றேதான்.

உடம்பெங்கும் பரவும் ஃபைப்ரோமயால்ஜியா வலியின் பெயர்க் கதை 1904இல் தொடங்குகிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் ‘ஃபைப்ரோசைட்டிஸ்’, அதாவது நார்த்திசு அழற்சி என்றார். அழற்சியே இல்லை என்பது பின்னால் தெரிந்தது. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு 18 புள்ளிகளை அழுத்தச் சொன்னது; பரவலான வலியோடு 11 புள்ளிகள் நொந்தால் நோய் உறுதி. 2010இல் அந்தக் கணக்கே வேண்டாமென்றது!

நரம்பு மண்டலம் வலியைப் பெருக்கிக் காட்டுகிறது என்பது இன்றைய விளக்கம். டுலோக்சிடின், ப்ரீகாபலின் மாத்திரைகள் சிலருக்கு உதவும். வலுவான சான்று இருப்பதோ, மெல்ல மெல்லக் கூட்டும் உடற்பயிற்சிக்கு.