இரட்சிப்பு என்னும் சொல்

இடம்பெயர்ந்து 2010ஆம் ஆண்டில் வன்னிக்கு மீண்ட மாணவர் சிலரிடம் ‘இரட்சிப்பு’ என்பதன் பொருளை ஒருமுறை வினவினேன். பலர் மோட்சம் என்றனர். ஒரு மாணவன், “தப்பி வந்தது, சேர்” என்றான். வகுப்பு நகைத்தது, நானும் அவனைத் திருத்தினேன். திருத்தியது என் பிழை.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘சோத்தேரியா’. உயிர் தப்புதல், நலமடைதல் என்பன அதன் பழம்பொருள்கள். பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கினால் வருந்திய பெண் குணமடைந்ததைக் கூறுமிடத்து, மாற்கு அதன் வினைச்சொல்லையே ஆள்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரமோ இன்னும் தெளிவானது. புயலிற் சிக்கிப் பதினான்கு நாள் உணவின்றித் தவித்த 276 பேரைப் பவுல் உண்ணுமாறு வேண்டுகிறார். அது அவர்தம் ‘சோத்தேரியா’வுக்கு உதவுமாம். உண்ணும் அப்பத்தோடு சேர்ந்து நிற்கிறது அச்சொல்! பாவத்தினின்றும் விடுதலை என்ற பொருளும் அந்நூலில் உண்டு. அதனை யான் மறுக்கவில்லை. முத்தியை எண்ணிப் பழகிய நமக்கு அதுவொன்றே முன்னிற்கிறது, அவ்வளவே.

ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தை மக்கள் தேவமாதாவின் திருவுருவத்தைச் சுமந்து வன்னிக் காட்டினுட் புகுந்தனர் என்பது மடுத் திருத்தல மரபு. அங்கே தஞ்சமடைந்திருந்தோர் பலர் 1999 நவம்பரில் எறிகணை வீழ்ந்து மாண்டனர். 2008 ஏப்ரலில் அத்திருவுருவமும் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஆகஸ்டில் மீண்டது.