கரித்துகளும் கரகரப்பும்

குரல் மங்கிப்போன பழைய தொலைபேசியின் ரிசீவரை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் பல நேரம் தெளிந்துவிடும். பழுதுபார்ப்பவர்கள் முதலில் செய்து பார்ப்பதும் இதைத்தான். அந்தத் தட்டலுக்குக் காரணம் தேடினால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும்.

கிரகாம் பெல் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவிகளில் பேசுபவரின் குரலே மின்சாரத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. தூரம் கூடக்கூட ஒலி தேய்ந்தது. 1877-இல் எடிசன் விளக்குப் புகைக்கரியை வில்லையாக்கி, அதன் வழியே பேட்டரி மின்சாரத்தைச் செலுத்தினார். குரல் அழுத்தும்போது கரியின் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும். அடுத்த ஆண்டே இங்கிலாந்துப் பாதிரியார் ஹென்றி ஹன்னிங்ஸ் வில்லையை எடுத்துவிட்டுத் தளர்வான கரித்துகள்களை நிரப்பினார்.

குரல் உரத்தது. ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று இறுகிக்கொண்டன. தட்டினால்தான் தளர்ந்தன.

1890-களில் ஆந்தனி ஒயிட் என்பவரின் வடிவமைப்பு இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைத்தது. முற்றாக ஒழிக்கவில்லை. அமெரிக்காவில் 1950 வாக்கில் வந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 500-இலும் கரித்துகளே பேசியது. ரிசீவரின் கீழ்மூடியைத் திருகிக் கழற்றினால் கரித்துகள் அடைத்த வட்ட வில்லை ஒன்று கையோடு வரும். காதருகே வைத்துக் குலுக்கினால் மணல் சரிவது போல் சலசலக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஈரம் புகுந்து துகள்கள் கட்டிபட்டிருக்கும்.

எல்லாக் குறைக்கும் கரியே காரணமல்ல. ரிசீவரை அசைக்கும்போது மட்டும் கரகரத்தால் சுருள் ஒயருக்குள் இழை அறுந்திருக்கலாம். டயல் சுழலும்போது 'டக் டக்' ஓசை காதில் விழாதபடி கேட்கும் முனையை மௌனமாக்கும் தொடர்புத் தகடுகள் உள்ளே உண்டு. அவை பிரியாமல் ஒட்டிக்கொண்டால், டயல் நின்ற பிறகும் காதில் எதுவும் கேட்காது. தன் குரலே தன் காதில் உரக்க ஒலித்தால், அதை அடக்கும் சுற்றில் கண்டென்சரையும் ஒயர் இணைப்புகளையும் பார்க்க வேண்டும்.

1962-இல் பெல் ஆய்வகத்தின் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய எலக்ட்ரெட் மைக், பின்னாளில் கரியின் இடத்தைப் பிடித்தது. பழைய வில்லையின் அளவிலேயே, சிறு பெருக்கியோடு கூடிய மாற்று வில்லைகள் இன்று கிடைக்கின்றன. மின்சாரம் எந்தத் திசையில் பாய்ந்தாலும் கரிக்குக் கவலையில்லை. மாற்று வில்லைகளில் சில அப்படியல்ல. ஒயர் இடம் மாறினால் பேச மறுத்துவிடும்.