சர்க்கரைச் சட்டை

அம்பத்தூர் வீட்டுச் சுவரில் என் பெரிய அண்ணனின் படம் இல்லை. படம் எடுக்கும் வயது வரை அவன் இருக்கவில்லை. நான் பிறப்பதற்கு முன், 1974-ஆம் வருஷம் மார்கழியில், எட்டு மாதக் குழந்தைக்குச் சளி பிடித்தது. மூன்றாம் நாள் மூச்சு இரைத்தது. ஐந்தாம் நாள் அம்மாவின் மடியிலேயே உயிர் பிரிந்தது. பாட்டி 'மார்ச்சளி' என்றாள். டாக்டர் 'நிமோனியா' என்றார். விடியற்காலைப் பனியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போனதுதான் காரணம் என்று அக்கம்பக்கத்தார் தீர்ப்புச் சொன்னார்கள். அம்மா அதற்கு மேல் அப்பீல் செய்யவே இல்லை.

அந்தத் தீர்ப்பைத் திருத்த வேண்டுமானால் கொஞ்சம் சரித்திரம் புரட்ட வேண்டும்.

1881-இல் பாரிஸில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பர்க் என்ற ராணுவ டாக்டரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே கிருமியைக் கண்டார்கள். பாஸ்டருக்கு அது கிடைத்தது வெறிநாய்க்கடியால் இறந்த ஒரு குழந்தையின் எச்சிலில். ஸ்டெர்ன்பர்க்குக்கோ? தம் சொந்த எச்சிலில்! அதை முயலுக்கு ஊசி போட்டார், முயல் செத்தது. டாக்டர் சௌக்கியமாக இருந்தார். இந்தக் கிருமியின் குணமே அதுதான். நிமோகாக்கஸ் என்ற இது, ஆரோக்கியமான குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரனைப்போல் சத்தமில்லாமல் இருக்கும். இருமலிலும் தும்மலிலும் அடுத்த குழந்தைக்குக் குடிபெயரும். ஜலதோஷமோ அடுப்புப் புகையோ மார்பைப் பலவீனப்படுத்தினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பனி மட்டும் ஒரு குழந்தைக்கு நிமோனியாவைக் கொடுத்துவிடாது.

கொல்லும் சக்தி எங்கிருந்து வருகிறது? கிருமி தன்னைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளால் ஒரு சட்டை போட்டுக்கொள்கிறது. வழுக்கும் அந்தச் சட்டையை நம் ரத்தத்தின் வெள்ளணுக்களால் பிடிக்க முடிவதில்லை. சட்டையற்ற ரகம் சாது.

1928-இல் லண்டனில் கிரிஃபித் என்ற டாக்டர், சட்டை போட்ட கிருமிகளைச் சூட்டில் கொன்று, உயிருள்ள சாதுக் கிருமிகளோடு கலந்து எலிகளுக்குப் போட்டார். தனித்தனியே போட்டால் இரண்டும் தீங்கற்றவை. சேர்த்துப் போட்டதும் எலிகள் மாண்டன. உள்ளே சட்டை போட்ட கிருமிகள் உயிரோடு உலவின! செத்தது உயிருள்ளதற்குள் புகுந்துகொண்டது. நம் சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதையை எந்த வெள்ளைக்காரராவது நம்பியிருக்கிறாரோ என்னவோ, இவர் கண்ணால் கண்டார். பாய்ந்தது எது என்று தெரியாமலே 1941-இல் விமானக் குண்டுவீச்சில் இறந்தார். அது டி.என்.ஏ. என்ற பொருள் என்று 1944-இல் நியூயார்க்கில் ஏவரியும் இரு சகாக்களும் நிரூபித்தார்கள். பரம்பரைக் குணங்களைச் சுமப்பது எது என்ற ரகசியத்தை, குழந்தைகளைக் கொல்லும் ஒரு கிருமி காட்டிக்கொடுத்தது. ஏவரிக்கு நோபல் பரிசு கொடுக்கவில்லை. எனக்கு அது இன்றும் ஆறாத கோபம்.

தடுப்பூசி வந்த கதைதான் மெதுவானது. சட்டையின் சர்க்கரையையே மருந்தாக்கி 1977-இல் அமெரிக்காவில் ஓர் ஊசி வெளிவந்தது. ஆனால் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் உடம்பு வெறும் சர்க்கரையை எதிரி என்று கண்டுகொள்ளாது. சர்க்கரையோடு ஒரு புரதத்தைப் பிணைத்துக் காட்டினால்தான் விழித்துக்கொள்ளும். அத்தகைய ஊசி 2000-த்தில் அங்கே வந்தது. இங்கே வெகு காலம் தனியார் டாக்டர்களிடம், ஓர் ஊசிக்குச் சில ஆயிரம் ரூபாய் என்ற விலையில்தான் கிடைத்தது. 2017-இல் இமாசலப் பிரதேசம், பீகார், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றில் சர்க்கார் அதை இலவசமாகப் போட ஆரம்பித்தது. தமிழ்நாட்டுக்கு 2021 ஜூலையில் வந்தது. ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை.

என் அண்ணனைக் கொன்றது இந்தக் கிருமிதானா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் பச்சைக் குழந்தைகளுக்கு நிமோனியா தரும் பாக்டீரியாக்களில் முதல் இடம் இதற்குத்தான்.

அந்த வருஷக் கடைசியில், எல்லோரும் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு நடமாடிய நாளில், தங்கையின் பெண் குழந்தைக்கு முதல் ஊசி போட பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அம்மாவும் பிடிவாதமாக உடன் வந்தாள். பெஞ்சில் காத்திருந்தபோது இத்தனையையும் அவளுக்குச் சொன்னேன். கிரிஃபித்தையும் எலிகளையும் அவள் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"அப்போ இந்த ஊசி இருந்துதாடா?" என்றாள்.

"இல்லைம்மா. எங்கேயுமே இல்லை."

"பனி?"

"பனி இல்லைம்மா."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை வீரிட்டது. அம்மா எழுந்து போய், ஊசி போட்ட தொடையைத் தேய்த்துவிடக் கையை நீட்டினாள்.

"தேய்க்காதீங்கம்மா, சும்மா தூக்கிவெச்சுக்குங்க, போதும்" என்றாள் நர்ஸ்.