பீரங்கிக் குண்டுகள் எல்லாம் எங்கே போயின?

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தில் ஏறினால், மலைப்பாதை தொடங்குவதற்கு முன் வருகிற பெரிய ஊர் கச்சிராயபாளையம். கோமுகி அணையும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் கல்வராயன் மலை அடிவாரமும்தான் பலருக்கும் அந்த ஊரின் அடையாளம். ஆனால் ஊர்ப் பெயரின் கடைசியில் இருக்கும் "பாளையம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். படை தங்கிய இடம் என்று அதற்குப் பொருள். பாளையக்காரர் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான்.

பழைய தென்னாற்காடு மாவட்டம் முழுக்க இப்படித்தான். செஞ்சி, தியாகதுருகம், எலவனாசூர், கடலூர் தேவனாம்பட்டினம் என்று எங்கு திரும்பினாலும் கோட்டை. 17, 18-ம் நூற்றாண்டுகளில் மராட்டியர், மொகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூர்க்காரர் என்று எல்லோரும் இங்கே வந்து சண்டை போட்டார்கள். பல்லாயிரக்கணக்கில் இரும்புக் குண்டுகள் பறந்திருக்க வேண்டும். அவை எல்லாம் எங்கே?

வெளிநாடுகளில் இதற்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். தபால்தலை சேர்ப்பது போல, மருந்து நீக்கப்பட்ட பழைய பீரங்கிக் குண்டுகளையும், பித்தளைத் தோட்டாக் கூடுகளையும் தேடிப் பிடித்து, துரு நீக்கி, அலமாரியில் அடுக்குகிறார்கள். இந்த அச்சில் வார்த்தது, இந்த ஆண்டில் செய்தது, இந்தப் போரில் சுட்டது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி வைக்கிறார்கள். நம் ஊரில் அப்படி அலமாரியில் வைக்க என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கப் போனால் சுவையான செய்திகள் கிடைக்கின்றன. கொஞ்சம் பயமும் வருகிறது.

முதலில் கடலூருக்குப் போவோம். 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி, எலிகு யேல் சென்னையில் கவர்னராக இருந்தபோது, தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டை சரி, அதோடு சேர்ந்த நிலம் எவ்வளவு? அதற்கு ஒரு விசித்திரமான ஒப்பந்தம். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுடுவது, குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமெல்லாம் கம்பெனிக்கு! சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து நாலாபக்கமும் சுட்டார்கள். கடலூர் நகரமே அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. அப்படி வந்த ஊர்களுக்குக் "குண்டு கிராமங்கள்" என்றே பெயர் ஏற்பட்டது. நில அளவைச் சங்கிலிக்குப் பதிலாகப் பீரங்கிக் குண்டு. விவசாயியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது தியாகதுருகம். கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, சென்னை - சேலம் சாலையில் போகிற எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய பாறைமலை. இந்த மலைக்காக நடந்த சண்டைகளை எண்ணினால் தலை சுற்றும். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கர்நாடகப் போர் நடந்தபோது நவாப் தரப்பில் கிருஷ்ணராவ் என்ற கில்லேதார் இதைக் காத்தார். பிறகு பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760-ல் வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுக்காரர்கள், உதவிப்படை அனுப்பினால் போதும் என்று தியாகதுருகத்தையும் எலவனாசூரையும் ஹைதர் அலிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த உறவு நீடிக்கவில்லை. கடைசியில் 1761 தொடக்கத்தில், புதுச்சேரி வீழ்ந்த கையோடு, மேஜர் பிரெஸ்டன் என்பவரின் படை 65 நாள் முற்றுகைக்குப் பின் மலையைப் பிடித்தது.

முப்பது வருடம் கழித்து, 1790-ல், திப்பு சுல்தான் இங்கே வந்தார். அப்போது கோட்டையைக் காத்தவர் கேப்டன் பிளிண்ட். இவர் சாதாரண ஆள் இல்லை. பத்து வருடத்துக்கு முன் வந்தவாசிக் கோட்டையை ஹைதரிடமிருந்து காப்பாற்றியவர். அங்கே அவரிடம் பீரங்கிகள் இருந்தன, சுடத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. உள்ளூரில் வெள்ளி வேலை செய்யும் ஆசாரிகளைப் பிடித்து, பயிற்சி கொடுத்துப் பீரங்கிக்காரர்கள் ஆக்கினார்! கொலுசு செய்த கைகள் குண்டு போட்டன. தியாகதுருகத்தில் அவர் காத்தது சிப்பாய்களை மட்டும் அல்ல. சுற்றுவட்டார மக்கள் நகை, பண்டபாத்திரம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மலையடிப் பேட்டைக்குள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். திப்புவின் படை பேட்டையைத் தாக்கியது. பலிக்கவில்லை. அவர் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டார். அந்தக் கூட்டத்தில் கல்வராயன் அடிவார ஊர்களின் மக்களும் இருந்திருக்கலாம். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, பிளிண்ட் பெயர் மட்டும் இருக்கிறது.

மலைமேல் பழைய பீரங்கி இன்றும் கிடக்கிறது. ஆனால் குண்டு?

இதற்கு ஒரு பதில், போர்க்களத்தில் குண்டு பொறுக்குவது அந்தக் காலத்தில் ஒரு வேலையாகவே இருந்தது என்பது. இரும்புக் குண்டு கப்பலிலும் மாட்டுவண்டியிலும் வரவேண்டிய பொருள். எதிரி சுட்ட குண்டு நம் பீரங்கிக்குப் பொருந்தினால் அதையே திருப்பிச் சுடலாம். 1857-ல் டெல்லி முற்றுகையின்போது ஆங்கிலேயர்களிடம் 24 பவுண்டு குண்டுகள் தட்டுப்பாடு. எதிர்த்தரப்புக் குண்டுகளைப் பொறுக்கி வந்தால் சன்மானம் என்று அறிவித்தார்கள். பாளையத்துக் கூலியாட்கள் குண்டு விழுகிற இடத்துக்கே ஓடிப் பொறுக்கினார்கள். முதல் குண்டு சேகரிப்பாளர்கள் இவர்கள்தான். அலமாரிக்காக இல்லை, வயிற்றுக்காக. மிச்சம் இருந்தவை கொல்லன் உலைக்குப் போயிருக்கும். நல்ல இரும்பை மண்ணில் விட்டுவைக்க நம் ஊர்க்காரர்கள் என்ன ஏமாளிகளா?

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழில் எல்லாமே "குண்டு"தான். துப்பாக்கியில் போடுவதும் குண்டு, பீரங்கியில் போடுவதும் குண்டு, விமானம் போடுவதும் குண்டு. சேகரிப்பவருக்கு இந்த ஒற்றைச் சொல் ஆபத்தானது. ஏனென்றால் பழைய பீரங்கிக் குண்டில் முக்கியமாக இரண்டு ஜாதி உண்டு. ஒன்று முழு இரும்பு உருண்டை. அது வெடிக்காது. வேகமாகப் போய்ச் சுவரை இடிக்கும், வரிசையாக நிற்பவர்களின் காலை முறிக்கும், அவ்வளவுதான். ஆறு பவுண்டு குண்டு 2.7 கிலோ, விட்டம் சுமார் 9 சென்டிமீட்டர். 24 பவுண்டு குண்டு ஏறக்குறைய 11 கிலோ, விட்டம் 14 சென்டிமீட்டர். இது செத்த குண்டு அல்ல, பிறக்கும்போதே உயிர் இல்லாத குண்டு. இன்னொன்று உள்ளே குழிவாக வார்த்து, கருமருந்து நிரப்பி, துளையில் மரத் திரி செருகியது. இது விழுந்த இடத்தில் சிதறும். துரு ஏறிய பிறகு வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். திரித்துளை மண்ணால் அடைபட்டிருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஒரே அளவுள்ள முழு இரும்பு உருண்டையின் எடையில் இது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும் என்பதை வைத்துத்தான் அறிந்தவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

"இருநூறு வருடப் பழசு, நமத்துப் போயிருக்கும்" என்று நினைப்பது தவறு. கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், மரக்கரி. ஈரம் புகாமல் இருந்தால் அதற்கு வயது கிடையாது. ஈரமாகிக் காய்ந்தாலும் மறுபடி பற்றும். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தது 1861 முதல் 1865 வரை. 2008 பிப்ரவரியில் விர்ஜீனியா மாநிலத்தில், அந்தப் போரின் கடற்படைக் குண்டு ஒன்றைத் தன் வீட்டு முற்றத்தில் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர், அது வெடித்து இறந்துபோனார். அவர் கற்றுக்குட்டி இல்லை. அதற்கு முன் நூற்றுக்கணக்கான குண்டுகளைச் செயலிழக்க வைத்தவர். குண்டு வார்த்து 140 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

திப்புவின் ஏவுகணைகளும் இந்தக் கதையில் வருகின்றன. இரும்புக் குழாயில் மருந்து அடைத்து மூங்கிலில் கட்டி விடும் அந்த ராக்கெட்டுகளைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் பொருளாக மிகக் கொஞ்சமே உலகத்தில் மிஞ்சியிருந்தன. 2002-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகரா என்ற ஊரில் ஒரு பாழ்கிணற்றில் கொஞ்சம் கிடைத்தன. 2018-ல் அங்கேயே ஒரு கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேல் வந்தன! தொல்லியல் துறையினருக்கு முதல் துப்பு, மண்ணில் அடித்த வெடிமருந்து வாடைதான். ஒரு கிணற்று மண்ணை யாரோ முகர்ந்து பார்த்ததால் உலகத்திலேயே பெரிய திப்பு ராக்கெட் தொகுப்பு சிவமொக்கா அருங்காட்சியகத்துக்குக் கிடைத்தது. அதே பொருள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால் துருப்பிடித்த குழாய், கிலோவுக்கு இவ்வளவு என்று முடிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பீரங்கிக் குண்டு என்றால் எம்டன் குண்டுதான். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று, அரை மணி நேரத்துக்கும் குறைவான பொழுதில் சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. உயிர்ச்சேதம் குறைவு, பீதி அதிகம். ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தார்கள். "அவன் பெரிய எம்டன்" என்று நம் வீடுகளில் சொல்வது அன்றைக்கு வந்ததுதான். கப்பல் அதே நவம்பர் 9-ம் தேதி கோகோஸ் தீவருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு ஒழிந்தது. பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது.

எம்டன் சுட்டது உருண்டை இரும்பு அல்ல. 10.5 சென்டிமீட்டர் விட்டம், சுமார் 17 கிலோ எடை, கூர்முனை, உள்ளே உயர்ரக வெடிமருந்து, இடுப்பில் செப்புப் பட்டை. சிதறிய சில்லுகளைச் சென்னைவாசிகள் ஞாபகப் பொருளாக எடுத்து வைத்தார்கள். ஒரு துண்டு ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல் உயர்நீதிமன்ற மதிலில் இருக்கிறது. ஆஸ்திரேலியர்கள் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். எம்டனின் பீரங்கி ஒன்றைக் கொண்டுபோய் சிட்னி நகரப் பூங்காவில் நிறுத்தினார்கள். கப்பலில் கிடைத்த மெக்சிகோ வெள்ளிக் காசுகளைப் பதக்கமாக்கி வீரர்களுக்குக் கொடுத்தார்கள். சென்னைக்குக் கிடைத்தது ஒரு துண்டும் ஒரு கல்லும் ஒரு வசவுச் சொல்லும்.

இந்தப் பிற்காலக் குண்டுகளில்தான் ஆபத்து இன்னும் கூடுகிறது. செப்புப் பட்டைக்கும் பித்தளைக்கும் நல்ல விலை. பழைய இரும்பு பொறுக்குபவர் அதைச் சுத்தியலால் தட்டிப் பெயர்க்கப் பார்ப்பார். 2004 செப்டம்பரில் டெல்லி அருகே காசியாபாத்தில் ஓர் உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்பில் கலந்திருந்த பீரங்கிக் குண்டு வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். 2019-ல் வந்த "இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு" படம் பார்த்தவர்களுக்கு அந்த லாரியும் காயலான் கடையும் நினைவில் இருக்கும்.

ஆகவே "மருந்து நீக்கியது" என்று யாராவது சொன்னால், நீக்கியது யார் என்பதுதான் முதல் கேள்வி. படைத்துறையின் வெடிபொருள் பிரிவினர் செய்ததா, இல்லை விற்பவர் வாய்ச்சொல்லா? ஒழுங்காகச் செயலிழக்க வைத்த குண்டில் திரிமுனை கழற்றப்பட்டிருக்கும், உள்ளறை காலி என்று கண்ணால் பார்க்க வழி இருக்கும். அப்படி இல்லாத எதையும் தொடாமல் காவல்துறைக்குச் சொல்வதே முறை. 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டமும், 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் சும்மா விடாது.

முழு இரும்பு உருண்டைக்கு அந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கலாம். அதற்கும் சட்டம் இருக்கிறது. நூறு வருடம் தாண்டிய பொருள் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வைத்து வியாபாரம் செய்ய முடியாது, வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. மண்ணுக்குள் கிடைத்தால் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் வருகிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. விக்டோரியா ராணி காலத்துப் பத்து ரூபாய்! தியாகதுருகம் அடிவாரத்தில் கரும்புக்கு உழும்போது ஓர் ஆறு பவுண்டு குண்டு கிளம்பினால், இரண்டே முக்கால் கிலோ இரும்பு, எடைக்குப் போட்டாலே அந்தப் பத்து ரூபாயைத் தாண்டிவிடும். முன்பெல்லாம் சொல்லப் போக வேண்டுமென்றால் விழுப்புரம் வரை போக வேண்டும். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்த பிறகு கலெக்டர் ஆபீஸ் கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறது. காயலான் கடையும் அங்கேதான் இருக்கிறது.