கலோரிக் கணக்கும் மனித உடலும்

உண்ணும் உணவை அளந்து, ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்கெழுதி, நாள் தவறாது நடந்தும் ஓடியும் உடலை வருத்தியும், எடை குறையவில்லையே என்று வருந்துவோர் இன்று பலர் உளர். முதற் சில வாரங்களில் எடை இறங்குகிறது, பின்னர் நின்றுவிடுகிறது, கட்டுப்பாடு சற்றும் தளராதபோதே மெல்ல ஏறவும் தொடங்குகிறது. வைத்தியரிடம் சென்றால், "கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது" என்கிறார். வீட்டாரோ, "ஒளித்துத் தின்கிறாயா?" என்று கேட்கிறார்கள். ஈற்றில், மனவுறுதியற்ற பிறவி தாமே என்று அம்மனிதரும் நம்பிவிடுகிறார்.

இதனைத் தனிமனிதரின் பலவீனம் என்று கூறி ஒதுக்கிவிடல் எளிது. ஆயினும், ஒரே கணக்கைக் கையாண்ட இத்தனை பேர் ஒரே இடத்தில் தோற்பார்களாயின், தோற்றவர்களை மட்டும் விசாரித்தால் போதாது. கணக்கையும் விசாரித்தல் வேண்டும். கலோரி என்னும் அளவு எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதை அறிந்தாலன்றி அதன் தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

கதை பாரிஸ் நகரில் தொடங்குகிறது. 1782-83 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இலவோசியே என்னும் இரசாயன அறிஞர், கணித மேதை இலப்பிளாசுடன் சேர்ந்து, ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் வைத்தார். அதன் உடற்சூட்டால் எவ்வளவு பனி உருகியது என்பதையும், அது வெளிவிட்ட காபனீரொட்சைட்டின் அளவையும் ஒப்பிட்டார். சுவாசம் என்பது புகையும் சுடரும் இல்லாத மெதுவான எரிதல் என்ற முடிவுக்கு வந்தார். சில ஆண்டுகளின் பின், வேலை செய்யும் மனிதன் ஓய்வாக இருப்பவனைவிட அதிக ஒட்சிசனைச் செலவிடுகிறான் என்பதையும் கண்டார். அப்போது அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது: உடலுழைப்பால் வாழும் ஏழைக்கே அதிக உணவு தேவை; அவனுக்கோ குறைவாகவே கிடைக்கிறது; உழையாத செல்வனிடம் அது குவிந்து கிடக்கிறதே, இஃது ஏன்? 1789 இல் இக்கேள்வியை எழுப்பிய இலவோசியே அரசின் வரிக் குத்தகைக்காரர்களுள் ஒருவராகவும் இருந்தவர்; அதன் காரணமாகவே 1794 இல் கொலைக்களம் சென்றவர். அறிவியல் எழுப்பிய கேள்வி, அதை எழுப்பியவரின் வர்க்க நிலையையும் கடந்து நின்றது.

"கலோரி" என்ற சொல் அவருக்குப் பின் வந்தது. 1819 க்கும் 1824 க்கும் இடையில் நிக்கொலா கிளெமோன் என்பவர் பாரிசில் நடத்திய விரிவுரைகளிலே அது வழங்கிற்று. அவ்விரிவுரைகளின் பொருள் நீராவி இயந்திரங்கள். எவ்வளவு நிலக்கரிக்கு எவ்வளவு வேலை என்று கணக்கிடப் பிறந்த சொல்லே பிற்காலத்தில் மனிதனின் சோற்றுக்கோப்பைக்குள் புகுந்தது.

உழைக்கும் உடலை அணையாமல் வைத்திருக்க எவ்வளவு எரிபொருள் போதும் என்ற கேள்வியோ, கலோரி பிரபலமாகுமுன்பே ஆட்சியாளரின் கேள்வியாகிவிட்டது. அதன் கொடிய வடிவத்தைச் சென்னை மாகாணம் கண்டது. 1876-78 பஞ்சத்தின்போது, 1877 சனவரியில், றிச்சட் டெம்பிள் என்ற அதிகாரி செலவைக் குறைக்க வேண்டி, நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியத்தின் விலையும் சிறிது காசும் போதும் என்று வகுத்தார். சென்னைச் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் அதை எதிர்த்து, அந்தக் கூலியில் மண் வெட்டுபவன் உயிர்வாழ முடியாது என்று வாதாடினார். சில மாதங்களின் பின் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மடிந்தவர் மடிந்தனர். அப்பஞ்சத்துக்குத் தப்பிக் கடல் கடந்து இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் ஏராளம். ஓர் இறாத்தல் அரிசியை இன்றைய அளவையில் கணித்தால் ஏறத்தாழ 1,600 கலோரியாகும். இத்தொகையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இது மீண்டும் வரும்.

மனித உடலைக் கலோரியால் முழுமையாக அளந்தவர் அமெரிக்கரான வில்பர் அற்வாட்டர். 1896 இல், வெஸ்லியன் பல்கலைக்கழகக் கட்டடமொன்றின் நிலவறையில், காற்றுப் புகாத சிறு அறையொன்றினுள் ஒரு மனிதரை நாட்கணக்காக இருத்தி, அவர் உண்டது, உயிர்த்தது, கழித்தது, வெளிவிட்ட வெப்பம் யாவற்றையும் அளந்தார். சக்திக்காப்பு விதி மனிதனுக்கும் பொருந்தும் என்பதை நிறுவிய இச்சோதனை மாபெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஒரு கிராம் புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9, மாப்பொருளுக்கு 4 கலோரி என்று அவர் வகுத்த எண்களே உணவுப் பொதிகளில் இன்றும் காணப்படுகின்றன.

ஆனால், அற்வாட்டரின் நோக்கம் ஆய்வறையோடு நிற்கவில்லை. தொழிலாளர் தம் கூலியை விலையுயர்ந்த உணவில் வீணாக்குகின்றனர் என்றும், மாவும் பருப்பும் மலிந்த இறைச்சியும் கொண்டு குறைந்த செலவில் அதே சக்தியைப் பெறலாம் என்றும் அவர் போதித்தார். விற்றமின்கள் அறியப்படாத அக்காலத்தில், பழமும் கீரையும் அவர் கணக்கில் காசுக்குக் கேடானவை! குறைந்த செலவில் வாழக் கற்றுக்கொண்டால் கூலியும் குறையும் என்று தொழிற்சங்கத்தார் ஐயுற்றதில் வியப்பென்ன?

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கணக்கேடு கைமாறியது. 1918 இல், லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பெண் வைத்தியரான லூலு ஹண்ட் பீற்றர்ஸ் கலோரி எண்ணி எடை குறைக்கும் வழியை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அவர் தாமே 220 இறாத்தல் வரை பருத்துப் பின் மெலிந்தவர். பாணை ஒரு துண்டு என்று எண்ணாதீர், நூறு கலோரி என்று எண்ணுங்கள் என்பது அவரது உபதேசம். முதலாம் உலகப் போர் நடந்த காலம் அது. உணவைப் பதுக்கும் வணிகனைப் போலவே, உடலில் கொழுப்பைச் சுமப்பவரும் நாட்டுக்குத் துரோகம் செய்பவராகக் காட்டப்பட்டார். நூல் பல ஆண்டுகள் அமோகமாக விற்றது. தொழிலாளிக்கு எவ்வளவு போதும் என்று மேலிருப்போர் கேட்ட கேள்வியை, இப்போது நடுத்தர வர்க்கப் பெண் தன்னைத் தானே கேட்டுக்கொண்டாள். மேற்பார்வையாளன் வெளியே நிற்கவேண்டிய அவசியம் ஒழிந்தது. அவன் மனத்துக்குள் குடியேறிவிட்டான்.

இக்கணக்கு ஒன்றை மட்டும் எடுத்த எடுப்பில் ஊகித்துக்கொண்டது: வரவு குறைந்தாலும் செலவு மாறாது என்பதே அது. அடுப்பு தன் விறகு குறைவதை அறியாது, உடல் அறியும். இதனை ஐயமற நிறுவிய சோதனை இரண்டாம் உலகப் போரின் இறுதியில் நடந்தது.

1944 நவம்பரில், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கின் அடியில், மனச்சாட்சியின் பேரில் போர்புரிய மறுத்த இளைஞர் 36 பேர் அன்சல் கீஸ் என்ற விஞ்ஞானியிடம் தம்மை ஒப்புவித்தனர். போரால் பட்டினியுற்ற மக்களை எவ்வாறு மீட்பது என்று அறிவதே நோக்கம். 24 வாரங்கள் அவர்களுக்குக் கிழங்கும் பாணும் மக்கறோனியும் கொண்ட உணவு தரப்பட்டது. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். அந்த உணவின் சராசரி அளவு ஏறத்தாழ 1,570 கலோரி. டெம்பிள் வகுத்த ஓர் இறாத்தல் தானியத்தின் அளவு இங்கே திரும்பி வருகிறது! கீஸ் இதனை அரைப்பட்டினி என்று அழைத்தார். இன்று எடை குறைக்க விரும்புவோருக்கு இதனினும் குறைந்த அளவை விதிப்பதும் சாதாரணமாகிவிட்டது.

அவ்விளைஞர்கள் உடல் எடையில் கால்பங்கை இழந்தனர். அதனுடன் நாடித்துடிப்பு மெலிந்தது; கோடையிலும் குளிர் நடுக்கிற்று; ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் சக்தி ஏறத்தாழ 40 சதவீதம் வீழ்ந்தது. சிறுத்த உடலுக்குச் செலவு சிறுப்பது இயல்பே. ஆனால் வீழ்ச்சி உடலின் சிறுமையையும் விஞ்சிற்று. உடல் தன் வரவுக்கேற்பச் செலவைச் சுருக்கிக்கொண்டது. மனமோ உணவைத் தவிர வேறொன்றையும் நினைக்க மறுத்தது. உலக நியாயம் பேச வந்தவர்கள் சமையற் புத்தகங்களைச் சேகரித்தனர், தட்டை நக்கினர். பட்டினி முடிந்து உணவு தாராளமாகக் கிடைத்தபோது, பல்லாயிரம் கலோரி உண்டும் பசி தீரவில்லை என்றனர். இழந்ததைவிட அதிக கொழுப்பு அவர்கள் உடலில் ஏறிற்று. தம் கொள்கைக்காகச் சமூகத்தின் ஏளனத்தைத் தாங்கிய இவர்களையா மனவுறுதியற்றவர் என்போம்?

இம்முடிவுகள் 1950 இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. ஆயினும், 1958 இல் நியூயோர்க் வைத்தியர் மாக்ஸ் விஷ்னோவ்ஸ்கி எழுதிய சிறு கட்டுரையின் வாய்பாடே உலகெங்கும் பரவியது: 3,500 கலோரி குறைத்தால் ஓர் இறாத்தல் எடை குறையும். நாளுக்கு 500 குறைத்தால் வாரத்துக்கு ஓர் இறாத்தல்! இதனைக் கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தால், 150 இறாத்தல் எடையுள்ள ஒருவர் மூன்றாண்டு நிறையுமுன் காற்றில் மறைந்துவிட வேண்டும். அவ்வாறு மறைந்தவர் எவருமிலர். எனினும், வாய்பாடு பொய்த்த ஒவ்வொரு முறையும் குற்றம் சாட்டப்பட்டவர் அதை நம்பியவரே.

பிற்கால ஆய்வுகள் மினசோட்டாவின் பாடத்தை உறுதி செய்தன. 1994 இல், கொழுப்புத் திசுவே மூளைக்குச் செய்தி அனுப்பும் லெப்ரின் என்ற ஓமோன் கண்டறியப்பட்டது. உடற்கொழுப்பு குறைந்தால் லெப்ரினும் குறைகிறது. மூளை பசியைக் கூட்டிச் செலவைக் குறைக்கிறது. 2011 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவின்படி, எடை குறைத்து ஓராண்டு கழிந்த பின்னும் பசியைத் தூண்டும் ஓமோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டியொன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறாண்டுகளின் பின் பரிசோதித்த ஆய்வு 2016 இல் வெளிவந்தது. சராசரி 58 கிலோ இழந்த அவர்கள் 41 கிலோவை மீளப்பெற்றிருந்தனர்; ஆயினும், அவர்கள் உடல் எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவிட்டது.

தேகாப்பியாசத்தின் கணக்கும் இவ்வாறே. தன்சானியாவில் வேட்டையாடியும் கிழங்ககழ்ந்தும் வாழும் ஹட்சா மக்கள் நாள்முழுதும் நடப்பவர்கள். அவர்கள் நாளொன்றில் செலவிடும் மொத்தச் சக்தி, உடலளவைக் கருத்திற் கொண்டு ஒப்பிடுகையில், மேலைநாட்டு நகரவாசிகளின் செலவினின்றும் வேறுபடவில்லை என்று 2012 இல் அறியப்பட்டது. உழைப்புக்குச் செலவிட்டதை உடல் வேறிடத்தில் மிச்சம் பிடிக்கிறது போலும். இதயத்துக்கும் மனத்துக்கும் தேகாப்பியாசம் செய்யும் நன்மை பெரிது. அதை எவரும் கைவிடலாகாது. எடை குறையாததைக் கொண்டு அந்நன்மையை அளப்பதே தவறு.

இங்கே நேர்மையுடன் ஒன்றைக் கூறவேண்டும். எவ்வளவு குறைத்தும் எடை குறையவில்லை என்றோரை நியூயோர்க்கில் ஆராய்ந்தபோது, அவர்கள் தாம் உண்டதில் ஏறக்குறைய பாதியைக் கணக்கில் சேர்க்காதிருந்தமை 1992 இல் வெளியாயிற்று. கணக்கிற் பிழை உண்டு என்ற வைத்தியர் கூற்று முற்றிலும் பொய்யன்று. ஆனால், பிழை எண்ணுபவரிடத்து மட்டுமா உள்ளது? முழு வாதுமைப் பருப்பிலிருந்து உடல் பெறும் சக்தி, அற்வாட்டரின் எண்கள் கூறுவதிலும் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைவு என்று 2012 இல் அளந்து கண்டனர். வரவும் சரியாகத் தெரியாது. செலவும் நிலையாக நில்லாது. அத்தகைய ஏட்டை வைத்துக்கொண்டு ஒருவரின் நாணயத்தைத் தீர்ப்பிடலாமா? சக்திக்காப்பு விதியை இங்கு நாம் மறுக்கவில்லை. அவ்விதியை ஒரு கடைக்காரனின் பற்றுவரவுக் கணக்காகச் சுருக்கியதையே மறுக்கிறோம்.

அச்சுருக்கத்தால் இலாபமடைந்தோர் உளர். 1963 இல் ஒரு குடும்பப் பெண்ணால் நிறுவப்பட்ட வெயிட் வாட்சர்ஸ் என்ற எடைக்குறைப்புச் சங்கத்தை 1978 இல் வாங்கியது, தக்காளிச் சோஸ் விற்கும் ஹைன்ஸ் கம்பனி. 2000 ஆம் ஆண்டில் யூனிலீவர் கம்பனி ஸ்லிம்-ஃபாஸ்ட் என்ற மெலிவிக்கும் பானத்தையும், பென் அண்ட் ஜெரிஸ் ஐஸ்கிறீமையும் ஒரே ஆண்டில் வாங்கியது. பருக்க வைப்பதும் இலாபம். மெலிய வைப்பதாகச் சொல்வதும் இலாபம்! ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவைத் தடையின்றி உண்ணவிட்டால், மக்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்கின்றனர் என்று 2019 இல் ஒரு சோதனை காட்டியது. எந்த உணவு மலிவாகவும் கைக்கெட்டியும் கிடைக்கும், சமைக்க எவருக்கு நேரம் உண்டு, உறங்க எவருக்கு ஓய்வு உண்டு என்பவற்றைத் தீர்மானிப்பவன் தனிமனிதன் அல்லன். சீனியும் மாவும் மலிந்து, மரக்கறியும் மீனும் விலையேறிய சந்தையில், "குறைத்து உண்" என்ற உபதேசத்துக்கு என்ன பொருள்?

கணக்கெழுதியும் களைத்த ஒருவர் நம்மிடம் வந்தால், முதலில் அவர் சொல்வதை நம்புவோம். தைரொயிட்டுச் சுரப்பியின் குறைபாடோ, உட்கொள்ளும் மருந்தோ காரணமாகலாமா என்று வைத்தியர் ஆராயட்டும். எடை இறங்காவிடினும் இரத்த அழுத்தமும் சீனியும் சீரடைந்தனவா என்று பார்க்கட்டும். ஆசிரியர்களாகிய நாமோ, நம் வகுப்பறைகளில் பருத்த பிள்ளைக்குப் பட்டப்பெயர் சூட்டிச் சிரிக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துவோம். அப்பிள்ளையின் மதிய உணவுப் பெட்டியில் இருப்பது எது, அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்போம். ஏழைக்கு ஏன் குறைவாகக் கிடைக்கிறது என்று இலவோசியே எழுப்பிய கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. நல்ல உணவு ஏன் அவனுக்கு எட்டவில்லை என்பதே இன்று அக்கேள்வியின் வடிவம். இதற்கான விடையைத் தனிமனிதரின் கணக்கேட்டில் தேடிப் பயனில்லை.