தேரோடும் வீதியும் நீரோடும் காலும்: தென்காசி, குற்றாலத்தில் நகர மையத்தின் மறுகட்டுமானம்

தென்காசியின் மையம் காசி விசுவநாதர் கோயிலும் அதைச் சுற்றிய ரத வீதிகளும் மாசி வீதிகளுமாகும். பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிய கோயில் திருப்பணியோடு சேர்ந்து வளர்ந்த ஊர் இது. சந்தை பெருத்து அதன் நடுவே கோயில் வந்த ஊர்களைப் போலன்றி, இங்கே கோயில் முதலில் நின்றது. வீதியும் கடையும் குடியிருப்பும் அதன் அளவுக்கு அமைந்தன. ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் இந்த அமைப்பு பெரிதும் குலையாமல் இருந்தது. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானதும் நிலைமை மாறியது. 2011 கணக்கெடுப்பின்படி எழுபதாயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த நகராட்சி, பதினான்கு லட்சம் பேர் கொண்ட மாவட்டத்தின் தலைநகரானது. அதற்குப் பிறகு எழும் கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் வளர்ச்சி தெரியும். வீதிகளையும் வாய்க்கால்களையும் பிடித்துக்கொண்டு பார்த்தால்தான் அந்த வளர்ச்சியின் விலை தெரியும். அனுமதி கட்டடத்துக்கு வழங்கப்படுகிறது, பாதிப்போ வீதி வழியாகவும் நீர் வழியாகவும் பரவுகிறது. இந்த இடைவெளியே தென்காசி, குற்றாலப் பகுதியின் அடிப்படைச் சிக்கல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நகர மையத்தில் நடந்த மிகப் பெரிய மறுகட்டுமானம் எந்த வணிக வளாகமும் அன்று, கோயிலின் இராஜகோபுரமே. நெடுங்காலம் பிளந்து மொட்டையாக நின்ற அந்தக் கோபுரம், ஏறத்தாழ 180 அடி உயரத்தில் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்குக் கண்டது. 2025 ஏப்ரலிலும் குடமுழுக்கு நடந்தது. பின்னாளில் இந்தக் கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்வோரை அடிபணிந்து வணங்குவதாகப் பராக்கிரம பாண்டியன் கல்வெட்டில் பொறித்து வைத்துள்ளான். கட்டுவதைப் போலவே பழுதுபார்த்துக் காப்பதையும் கடமையாகக் கருதிய மனம் அதில் தெரிகிறது. கோபுரத்துக்குக் கிடைத்த அந்தக் கவனம் அதன் நிழலில் இருக்கும் வீதிகளுக்குக் கிடைக்கவில்லை.

வீதிகளின் மாற்றம் சத்தமின்றி நடக்கிறது. பழைய மனைகள் முகப்பு குறுகி, உள்நோக்கி நீண்டவை: திண்ணை, நடைவழி, முற்றம், பின்கட்டு, கிணறு என்று வரிசையாக அமைந்த ஓட்டு வீடுகள். பாகப்பிரிவினை வரும்போது அந்த மனை நீளவாக்கில் கிழிக்கப்படுகிறது. ஒவ்வொரு பங்குதாரருக்கும் வீதிமுகம் வேண்டும், ஏனெனில் வாடகை வீதிமுகத்துக்குத்தான். பங்கு ஒன்று பத்துப் பன்னிரண்டு அடி அகலமுள்ள கீற்றாகிவிட்டால் அதில் பக்க இடைவெளி விடவும் முடியாது, வாகனம் நிறுத்த இடம் ஒதுக்கவும் முடியாது. தரைத்தளம் முழுதும் கடை, மேலே கிட்டங்கி, அதற்கு மேலே குடியிருப்பு என்று சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டடம் எழுகிறது. முற்றம் போனதால் மழைநீர் நிலத்தில் இறங்கும் இடமும் போகிறது. சரக்கு இறக்கும் வண்டியும் வாடிக்கையாளரின் இருசக்கர வாகனமும் வீதியையே நிறுத்தமிடமாக்குகின்றன. தேர் திரும்பும் அளவுக்கு அகலமாக விடப்பட்ட வீதி இப்படித்தான் ஒற்றை வண்டி போகும் அளவுக்குக் குறுகுகிறது. இதில் எந்த ஒரு உரிமையாளரையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. தம் மனையின் எல்லைக்குள் ஒவ்வொருவரும் செய்தது நியாயமாகவே தோன்றும். கூட்டு விளைவைக் கணக்கெடுக்கும் பொறுப்பு மட்டும் எவரிடமும் இல்லை.

நெருப்பு அந்தக் கணக்கை எடுத்துக் காட்டிவிடும். 2023 ஆகஸ்டில் குற்றாலத்தில் கோயிலை ஒட்டிப் போடப்பட்டிருந்த தற்காலிகக் கடைகளில் பற்றிய தீ, வரிசையாகப் பல கடைகளைச் சாம்பலாக்கியது. சீசனுக்காகப் போடப்பட்ட கூரைக் கொட்டகைகளுக்கும் தென்காசியின் காரைக் கட்டடங்களுக்கும் வேறுபாடு உண்டு. ஆனாலும் இடைவெளியற்ற கடை வரிசை, எரிவாயு உருளைகள், கூட்டம் நிறைந்த வழி ஆகிய மூன்றும் இரண்டு இடங்களுக்கும் பொது.

காற்றும் இந்த நகரத்தில் ஒரு பொதுச் சொத்தே. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைவதால்தான் சூன் முதல் ஆகஸ்டு வரை தென்காசியில் சாரல் தூறுகிறது. கோபுர வாயிலில் ஆளைத் தள்ளும் அந்தக் காற்றை அனுபவிக்காமல் கோயிலுக்குள் போனவர் இல்லை. வீதிகள் நேராக நீண்டு கிடப்பதும் கட்டடங்கள் தாழ்ந்திருந்ததும் அந்தக் காற்று ஊருக்குள் உலவ உதவின. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரத்தை ஒன்பது மீட்டருக்குள் கட்டுப்படுத்தும் அரசாணை 1990களிலிருந்தே உண்டு. கோபுரக் காட்சிக்காக மதுரை பெற்ற அந்தப் பாதுகாப்பைத் தென்காசி காட்சிக்காகவும் காற்றுக்காகவும் கோர நியாயம் இருக்கிறது.

மையம் ஒருபுறம் நெருக்கமாகும் போதே, அலுவலகங்கள் வெளியே நகர்கின்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஆயிரப்பேரிப் பகுதியில் இடம் தேர்ந்ததால், தென்காசிக்கும் குற்றால மலையடிவாரத்துக்கும் இடைப்பட்ட நிலத்தின் தன்மையே மாறியது. இப்படி ஒரு மாற்றத்தைத் தாய் மாவட்டம் முன்பே கண்டிருக்கிறது. திருநெல்வேலி டவுனும் பாளையங்கோட்டையும் தாமிரபரணியின் இரு கரைகளில் தனித்தனி ஊர்களாக இருந்தன. 1843இல் சுலோசன முதலியார் பாலம் திறக்கப்பட்டு, கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகமும் பின்னர் சந்திப்பில் ரயில் நிலையமும் அமைந்தபின் இடைப்பட்ட வயல்வெளி நகரமாகியது. தென்காசி, மேலகரம், இலஞ்சி, குற்றாலம் ஆகியவை இன்று அதே பாதையில் இருக்கின்றன. திருநெல்வேலிக்கு ஒரு நூற்றாண்டு ஆனது. இங்கு அவ்வளவு காலம் ஆகாது. திருநெல்வேலி, தென்காசி அகல ரயில்பாதை 2012இலும், செங்கோட்டை, புனலூர் பாதை 2018இலும் முடிந்தன. திருநெல்வேலிச் சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தும் பணியும் நடந்தது. அந்த அகலத்துக்காகச் சாலையோரத்தின் பழைய மரங்கள் வெட்டப்பட்டதை இந்தப் பகுதி மக்கள் இன்னும் வருத்தத்தோடு பேசுகிறார்கள். அந்த வருத்தம் முற்றிலும் நியாயமானது.

இடைப்பட்ட இந்த நிலம் வெற்று நிலமன்று. குற்றால மலையில் பிறந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாறு, வழியெங்கும் அணைக்கட்டுகளால் மறிக்கப்பட்டு, கால்கள் வழியாகக் குளங்களை நிரப்புகிறது. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்த நீர் அடுத்த குளத்துக்குப் போகும். நஞ்சை வயல் மனையாகும்போது வயலுக்குத் தண்ணீர் தந்த மடையும் வாய்க்காலும் பயனற்றவையாகத் தோன்றும். மனைப்பிரிவில் அவை பின்புறச் சாக்கடையாகவோ பாதையாகவோ மாறிவிடும். ஆனால் அந்த வாய்க்காலின் வேலை அந்த வயலோடு முடிவதில்லை. கீழேயுள்ள குளத்துக்கு நீர் கொண்டு போவதும் வெள்ளத்தை வடிப்பதும் அதுதான். மேலகரத்தில் அடைபடும் வாய்க்காலின் விளைவைக் கீழ்ப்பாசனக்காரர் வறட்சியிலும், புதிய குடியிருப்போர் வடகிழக்குப் பருவமழையிலும் அனுபவிப்பார்கள்.

அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் ஆணையிட்டபோது, குத்துக்கல்வலசை போன்ற புறப்பகுதிகளிலும் மனை வணிகம் திகைத்து நின்றது. 2017இல் வந்த வரன்முறைத் திட்டம் அந்தத் தேக்கத்தை உடைத்தது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கிய சாதாரணக் குடும்பங்களுக்கு அது தேவையான நிவாரணம். எனினும் வரன்முறை மனைக்குச் சட்டத் தகுதி தருமே ஒழிய, தூர்ந்த வாய்க்காலை மீட்டுத் தராது. கட்டணம் செலுத்தியதும் மனையின் பிழை தாளில் தீர்ந்துவிடுகிறது, நிலத்தில் தீர்வதில்லை.

குற்றாலத்தின் கட்டுமானம் வேறொரு பொருளியலைச் சார்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிடப்பட்ட தோட்டங்கள், அதிகாரிகளும் ஜமீன்தார்களும் கட்டிய பங்களாக்கள், ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த காலத்து இலக்கியக் கூட்டங்கள் என்று பல காலமாக இது ஓய்வூர். இன்று விடுதி உரிமையாளர் மூன்று மாதச் சீசனில் ஆண்டு முழுவதற்கும் சம்பாதிக்க வேண்டும். அதனால் அறைகளின் எண்ணிக்கை உச்சக் கூட்டத்தைக் கணக்கிட்டு முடிவாகிறது. ஒன்பது மாதம் காலியாகக் கிடக்கும் அறைகளுக்காக மலையடிவாரம் வெட்டப்படுகிறது. குடிநீர், கழிவுநீர், குப்பை அகற்றும் வசதிகளோ நிலையாகக் குடியிருக்கும் சில ஆயிரம் பேரைக் கணக்கிட்டு அமைந்தவை. கூட்டம் வரும் நாள்களில் மிஞ்சுவது எல்லாம் சிற்றாற்றில்தான் போய்ச் சேரும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட வருவோர் தேடி வருவது தூய்மையான நீரை. அவர்களுக்காகக் கட்டப்படும் விடுதிகளே அதைக் கெடுத்தால் தொழிலும் நிலைக்காது.

இதன் எல்லைமீறிய வடிவத்தை 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விசாரித்தது. மலை ஓடைகளைத் திருப்பித் தனியார் சொகுசு விடுதிகளில் செயற்கை அருவிகள் அமைக்கப்பட்டதற்கு எதிராக நடவடிக்கை எடுக்க நீதிமன்றம் ஆணையிட்டது. இயற்கை அருவி ஊருக்கே பொதுவாக இருந்த இடத்தில், ஓடையைத் தனியார் வேலிக்குள் திருப்புவதை எந்தச் சுற்றுலா வளர்ச்சியின் பெயராலும் ஏற்க முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. அந்த வெள்ளத்துக்கும் கட்டுமானங்களுக்கும் நேரடித் தொடர்பு கூற ஆதாரமில்லை. ஆயினும் மலைநீர் எவ்வளவு விரைவில் பெருகும் என்பதை அறிந்த பின்னும் ஓடைக்கரையில் கட்டடத்துக்கு இடம் கொடுப்பது பொறுப்பின்மை. மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990 முதல் இருக்கிறது. அதன் பட்டியலிலுள்ள கிராமங்களில் கட்ட அதன் இசைவு வேண்டும். ஆனால் ஓடை வருவாய்க் கிராம எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. பட்டியலுக்கு வெளியே ஒரு சர்வே எண் தள்ளி எழும் கட்டடமும் அதே ஓடையைத்தான் பாதிக்கிறது.

நகர மையத்தின் மீது சுமை ஏற்றாத வளர்ச்சிக்கு மத்தளம்பாறைக் கிராமம் ஓர் எடுத்துக்காட்டு. 2011இல் தென்காசியில் கால்பதித்த ஜோஹோ நிறுவனம், பின்னர் அந்தக் கிராமத்தில் அலுவலகம் அமைத்து நூற்றுக்கணக்கான மென்பொருள் வேலைகளை அங்கேயே உருவாக்கியது. வேலை ஊரைத் தேடி வந்ததால் இளைஞர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியிருக்கவில்லை. எனினும் இவ்வகை வளர்ச்சி கிராம ஊராட்சியின் கட்டட அனுமதித் திறனைச் சோதிக்கிறது; மையத்தைக் காப்பதோடு ஓரத்தையும் கவனிக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

வளர்ச்சிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. மாவட்டத் தலைநகருக்கு மருத்துவமனையும் நீதிமன்றமும் கடைவீதியும் வேண்டும். நிலத்தை விற்ற விவசாயிக்கு விளைச்சல் தராத வருமானத்தை மனை தந்தது. அவற்றை மறுக்க வேண்டியதில்லை. கட்டுவதைத் தடுப்பதும் இங்கு நோக்கமன்று. எந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்பதை முன்கூட்டியே சொல்வதே நோக்கம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 ஒவ்வொரு மனைக்கும் சுற்றிலும் விட வேண்டிய இடைவெளியையும் தளப்பரப்பையும் வரையறுக்கின்றன. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் சிறு வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி தரும் முறை 2024 சூலையில் வந்தது. அலைச்சலும் கையூட்டும் குறைய அது உதவும். அதே சமயம், முன் ஆய்வு குறையும்போது பின் கண்காணிப்பு கூட வேண்டும். இன்று தென்காசி நகராட்சி, மேலகரம், இலஞ்சி, குற்றாலம் பேரூராட்சிகள், சுற்றியுள்ள ஊராட்சிகள் எனப் பல அமைப்புகள் தத்தம் எல்லைக்குள் அனுமதிகளைப் பதிகின்றன. சிற்றாறு இவை எல்லாவற்றின் ஊடாகவும் ஓடுகிறது.

ஆகவே நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகம் இந்த உள்ளாட்சிகள் அனைத்தின் அனுமதிகளையும் ஒரே வரைபடத்தில் மாதந்தோறும் வெளியிட வேண்டும். மனையின் சர்வே எண், தளங்கள், பயன்பாடு, பணி நிலை ஆகியவற்றோடு, புலப்படத்திலுள்ள வாய்க்காலும் குளக்கரையும் அதில் தெரிய வேண்டும். வாய்க்கால் எல்லைகளை அளந்து கல் நட்ட பிறகே அடுத்த மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர வேண்டும். ரத வீதிகளுக்கும் மாசி வீதிகளுக்கும் தனி உயர வரம்பும், சரக்கு இறக்கத் தனி நேரமும், பாகப்பிரிந்த கீற்று மனைகளை இணைத்துக் கட்டுவோருக்குச் சலுகையும் வகுக்கப்பட வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் இப்பகுதி முழுவதற்கும் ஒரே திட்டம் வகுத்தாலே போதும்.