ஒலிக்கு இடையே எழுந்த வேலிகள்

2002ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில், ஜேர்மனியைச் சேர்ந்த எமாஜிக் என்னும் மென்பொருள் நிறுவனத்தை அப்பிள் நிறுவனம் விலைக்கு வாங்கியது. எமாஜிக் தயாரித்த 'லொஜிக்' என்ற இசைப்பதிவு மென்பொருள் அதுவரை மக்கின்டோஷ், விண்டோஸ் ஆகிய இருவகைக் கணினிகளிலும் இயங்கி வந்தது. அந்தச் செய்தியுடன் இன்னொன்றும் சேர்ந்தே வந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் இறுதியுடன் விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்படும் என்பதே அது. விண்டோஸ் கணினியில் பல்லாண்டுகள் உழைத்த இசைக்கலைஞர் மக்கின்டோஷ் வாங்கலாம். அல்லது வேறொரு மென்பொருளுக்குப் போகலாம். முதல் வழியைத் தேர்ந்தவர்களுக்கும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. புதிய மக்கின்டோஷ் இயங்குதளத்தில் லொஜிக், அப்பிளின் சொந்த 'ஓடியோ யுனிற்' வடிவச் செருகுநிரல்களை மட்டுமே ஏற்றுக்கொண்டது. அவர்கள் காசு கொடுத்துச் சேர்த்து வைத்திருந்தவையோ பெரும்பாலும் வி.எஸ்.ரி. வடிவத்தில் இருந்தன.

செருகுநிரல், அதாவது 'பிளக்-இன்' என்பது பெரிய மென்பொருளுக்குள் சென்று அமரும் சிறு நிரல். குரலுக்கு எதிரொலி சேர்ப்பது, முரட்டு ஓசையை அடக்குவது, இல்லாத பியானோவை வாசித்துக் காட்டுவது எல்லாம் அதன் வேலை. இசைத்தட்டின் தரத்தில் ஒரு விநாடி ஒலி, ஓர் அலைவரிசைக்கு 44,100 எண்களாகக் கணினிக்குள் கிடக்கிறது. தாய் மென்பொருள் அவற்றிலிருந்து சில நூறு எண்களை அள்ளிச் செருகுநிரலிடம் நீட்டும். அது பெருக்கி, கூட்டி, திருப்பித் தரும். இந்தக் கணக்கு எந்த இயங்குதளத்திலும் ஒன்றுதான். கலைப்பட்டதாரியான எனக்கே விளங்குகின்ற கணக்கு இது. அப்படியிருக்க வேலி எங்கிருந்து வந்தது?

ஒரு பகுதி தொழில்நுட்பம் சார்ந்தது. செருகுநிரலைக் குறிப்பிட்ட செயலிக்கும் குறிப்பிட்ட இயங்குதளத்துக்கும் ஏற்ற இயந்திர மொழியில்தான் தொகுத்துக் கொடுக்கிறார்கள். அதன் குமிழ்களையும் அளவுமானிகளையும் திரையில் வரைவதற்கு அந்தந்த இயங்குதளத்தின் உதவியும் வேண்டும். மறுபகுதி, உரிமை சார்ந்தது. எனது கணிப்பில் அதுவே உயரமான வேலி.

ஹம்பேர்க் நகரின் ஸ்டெயின்பேர்க் நிறுவனம் 1996இல் தனது 'கியூபேஸ்' மென்பொருளுடன் வி.எஸ்.ரி.யை அறிமுகப்படுத்தியது. முதலில் மக்கின்டோஷுக்கும் பின்னர் விண்டோசுக்கும் வந்தது. இடைமுக விவரத்தை அந்நிறுவனம் பூட்டி வைக்கவில்லை; பிறரும் செருகுநிரல் எழுதலாம் என்று கொடுத்தது. அந்தத் தாராளமே அதனை உலகெங்கும் பரப்பியது. 1999இல் வெளிவந்த இரண்டாம் பதிப்புடன் மென்பொருள் இசைக்கருவிகளும் சேர்ந்துகொண்டன. ஆனால் அந்தத் தாராளத்தில் ஒரு முடிச்சு இருந்தது. விவரக் கோப்புகளை நிறுவனத்திடமிருந்து அவரவரே பெற வேண்டும். பிறருக்கு மீள விநியோகிக்க இயலாது.

லினக்ஸ் உலகம் அந்த முடிச்சில்தான் சிக்கியது. மூலநிரலை எல்லோருக்கும் வழங்குவதே அங்குள்ள வழக்கம். 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஃபர்ஸ் உள்ளிட்டோர் 'லட்ஸ்பா' என்ற தமது சொந்த வடிவத்தை உருவாக்கினர். ஒரே ஒரு தலைப்புக் கோப்பு, அவ்வளவுதான். திரையில் எதையும் வரையும் பொறுப்பு செருகுநிரலுக்கு இல்லை. எண்களை மட்டும் அறிவிக்கும், குமிழ்களைத் தாய் மென்பொருள் வரைந்து கொள்ளும். அழகில்லை என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆயினும் அந்த எளிமையின் அருமை பிற்காலத்தில்தான் தெரிந்தது. அதன் விரிவான வாரிசாக எல்.வி.2 பின்னர் வந்தது.

ஆனாலும் இசைக்கலைஞர் விரும்பிய வணிகச் செருகுநிரல்கள் விண்டோசிலேயே கிடந்தன. அவற்றை லினக்சுக்குக் கொண்டுவர 'வைன்' உதவியது. 1993இல் தொடங்கிய இத்திட்டம், விண்டோஸ் நிரல் கேட்கும் உதவிகளை லினக்ஸ் செய்து கொடுக்கும் உதவிகளாக மாற்றித் தருகிறது. பின்னாளில் வந்த 'யாபிரிட்ஜ்' செருகுநிரலை வைனுக்குள் தனியே ஓடவிட்டு, வெளியே லினக்ஸ் செருகுநிரல் போலவே காட்டியது. உரிம முடிச்சை அவிழ்க்கவும் ஒரு வழி பிறந்தது. ஸ்டெயின்பேர்க்கின் கோப்புகளைத் தொடாமல், செருகுநிரல்களின் நடத்தையை மட்டும் ஆராய்ந்து, 'வெஸ்டீஜ்' என்ற மாற்றுத் தலைப்புக் கோப்பை எல்.எம்.எம்.எஸ். திட்டத்தினர் பயன்படுத்தினர். பூட்டை உடைக்காமல், சத்தத்தைக் கேட்டே சாவி செய்த கதை!

மக்கின்டோஷ் பக்கமும் நிம்மதி இல்லை. 2001இல் புதிய இயங்குதளம், 2006இல் இன்டெல் செயலி, 2019இல் 32-பிற் நிரல்களுக்கு விடைகொடுப்பு, 2020இல் அப்பிளின் சொந்தச் செயலி என ஒரே நிறுவனத்தின் கணினிக்குள்ளேயே நான்கு வேலிகள். ஒவ்வொரு வேலியடியிலும், தயாரித்தவர் தொழிலைக் கைவிட்ட செருகுநிரல்கள் விழுந்து கிடந்தன.

தமிழ்ப் பத்திரிகைக்காரனுக்கு இது புதுக்கதையன்று. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கட்டுரையை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, ஆங்கில எழுத்துகளின் குப்பையைப் பார்த்துத் திகைத்தவர்கள் நாம். கட்டுரை அழியவில்லை, வாசிக்கத்தான் வழியில்லை. செருகுநிரல் இல்லாத கணினியில் பழைய இசைக்கோப்பைத் திறப்பவருக்கும் நேர்வது அதுவே. குரல் இருக்கும், அதன்மேல் போட்ட ஒப்பனை இருக்காது. மென்பொருள் இசைக்கருவியென்றால் அந்த வாத்தியமே மௌனமாகிவிடும்.

2018 ஒக்டோபரில் ஸ்டெயின்பேர்க் இரண்டாம் பதிப்பின் விவரத் தொகுதியை விநியோகிப்பதை நிறுத்தியது. முன்னரே ஒப்பந்தம் செய்யாதவர்கள் அவ்வடிவத்தில் புதிதாக எதையும் வெளியிட இயலாது. 2008இலேயே வந்த மூன்றாம் பதிப்புக்கு அனைவரையும் நகர்த்துவதே நோக்கம். நிறுவனத்தின் பார்வையில் அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் இருபது ஆண்டுகளாக உலகமே பேசிய ஒரு மொழியின் அகராதி, ஒரு நிறுவனத்தின் மேசை இழுப்பறையில் இருந்தது என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர். 2022இல் பிட்விக், யூ-ஹீ ஆகிய இரு ஜேர்மன் நிறுவனங்கள் 'கிளாப்' என்ற புதிய வடிவத்தை எவரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய எம்.ஐ.ரி. உரிமத்தில் வெளியிட்டன. 2025இல் ஸ்டெயின்பேர்க்கும் தனது மூன்றாம் பதிப்பை அதே உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது.

இவை வருங்காலச் செருகுநிரல்களுக்குப் பயன்படும். 2002இன் இசைக்கோப்புக்குள் உறைந்து கிடப்பவற்றை எழுப்ப மாட்டா. அதனால்தான் அனுபவப்பட்ட ஒலிப்பதிவாளர்கள், வேலை முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் செருகுநிரலின் விளைவுடன் சேர்த்து 'வேவ்' கோப்பாகப் பதிந்து, அதன் அருகிலேயே விளைவு சேர்க்காத மூலத்தையும் வைத்துவிடுகிறார்கள். வேவ், 1991இல் மைக்ரோசொப்டும் ஐ.பி.எம்.மும் உருவாக்கிய வடிவம். அது இன்றைக்கும் மூன்று இயங்குதளங்களிலும் திறக்கிறது.